காலாண்டுக்குள் எழுதியாக வேண்டுமா?

கேள்வி:

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் இந்த ஜூன் மாதம் எல்.கே.ஜி. ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவள், வயது 24. வகுப்பில் 32 பிள்ளைகள். ஆயா ஒருவர்தான், அவரே யு.கே.ஜி.யையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, அ முதல் ஃ வரை, 1 முதல் 50 வரை எல்லோரும் எழுதியாக வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். பெற்றோரும் மாலையில் நோட்டைத்தான் திறந்து பார்க்கிறார்கள். ஒரு பையன் பென்சிலைக் கையில் கொடுத்தாலே அழுகிறான். ஒரு பெண் குழந்தை பக்கத்தில் இருப்பவர்களைக் கடிக்கிறாள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அது பெரிய சண்டையாகிவிட்டது. வீட்டிலோ, 'பிள்ளை மேய்க்கிற வேலைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு' என்கிறார்கள். இந்த வேலையில் தொடரலாமா, அங்கன்வாடிக்கு முயற்சி செய்யலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பையனிடமிருந்து தொடங்குவோம். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து அவன் பிறந்த தேதியைப் பாருங்கள். எல்.கே.ஜி.யில் மூன்றரை வயதை இப்போதுதான் தாண்டியவனும் நாலரையைத் தொட்டுவிட்டவளும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு ஒரு வருடம் பெரிய வித்தியாசமில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் கால் பங்கு. 32 பெயர்களையும் பிறந்த மாத வரிசைப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'இவர்களுக்கு வரவில்லை' என்று மனத்துக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் பெயர்களில் பல அந்தத் தாளின் அடியில் வந்து நிற்கும்.

அடுத்தது கை. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும்; வருடங்கள் போகப்போக ஒவ்வொன்றாக இறுகும். நாலு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் பாதிதான் தெரியும். கடைசி எலும்பு கண்ணுக்குத் தெரிவதற்குள் பிள்ளை பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புக்குப் போயிருக்கும். எலும்பு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. தோளில் பலம் வேண்டும், விரல்கள் தனித்தனியாக அசைய வேண்டும், கண் பார்ப்பதைக் கை பின்தொடர வேண்டும். இவை எல்லாம் கூடி வந்தால்தான் மூன்று விரலால் பென்சில் பிடிப்பது நடக்கும். பல பிள்ளைகளுக்கு அது நாலு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பார்த்து வரைவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வயதையொட்டி நேர்க்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்சதுரம் வர ஆறு ஏழு வயதாகிவிடும். இப்போது நீங்களே 'அ' என்று மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு, எல்லாவற்றையும் பென்சிலை எடுக்காமல் இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கே', 'எக்ஸ்' போன்றவற்றுக்குச் சாய்கோடு வேண்டும். கூட்டல் குறியே சரியாக வராத கையிடம் நாம் இதையெல்லாம் கேட்கிறோம். அந்தப் பையன் அழுகிறான் என்றால், தன் கையால் என்ன முடியும் என்பது தாளாளரைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நாளைக்கு நோட்டு, பென்சில், மேசை மூன்றையும் விட்டுவிட்டு அவனோடு தரையில் உட்காருங்கள். சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, 'நீயும் ஒன்று போடுகிறாயா' என்று கேளுங்கள். வட்டம் மூடுகிறதா, கூட்டல் குறி வருகிறதா, எந்தக் கையை நீட்டுகிறான் என்று பாருங்கள். இடது கையை நீட்டுகிறவனை வீட்டில் யாராவது அதட்டி வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தால், பென்சிலைக் கண்டதும் அவனுக்கு அழுகை வரத்தான் செய்யும். மாலையில் அம்மாவோ அக்காவோ ஸ்கேலோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். 'வீட்டில் எழுதும்போது எப்படி இருக்கிறான்' என்று கேட்டாலே அவர்களாகச் சொல்லிவிடுவார்கள்.

எழுத்தை விட்டு அவனை முழுதாகவும் கவனியுங்கள். பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறானா, இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா, மற்ற பிள்ளைகளின் விளையாட்டுக்குள் போகிறானா, படியேறும்போது தடுமாறுகிறானா, முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது இப்போது செய்யாமல் விட்டுவிட்டானா. இவற்றில் ஒன்றிரண்டு உங்களை உறுத்தினால் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். நோயின் பெயர் எதையும் உங்கள் வாயால் சொல்லக்கூடாது. அது நம் வேலையும் இல்லை. அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிப் பிள்ளைகளை மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை பார்க்கிறது. தனியார் நர்சரியில் அப்படி யாரும் வருவதில்லை. அங்கே முதலில் கவனிக்கக்கூடிய ஆள் நீங்கள்தான்.

எழுத வைக்காமல் வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். எழுதுவதற்கான கையை உண்டாக்குங்கள். அந்த வேலை தோளிலிருந்து தொடங்கி விரலுக்கு இறங்கி வர வேண்டும். கம்பியைப் பிடித்துத் தொங்குவது, ஈரத் துணியால் கரும்பலகையைப் பெரிதாகத் துடைப்பது, வாளியில் தண்ணீர் சுமப்பது எல்லாம் தோளுக்கு. சப்பாத்தி மாவோ களிமண்ணோ பிசைவது, நனைந்த பஞ்சைப் பிழிவது, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவது மணிக்கட்டுக்கு. பழைய செய்தித்தாளைக் கிழிப்பது, துணி காயப்போடும் கிளிப்பை அட்டை விளிம்பில் மாட்டுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றுவது விரலுக்கு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு அச்சு வைக்கக் கொடுங்கள். அரை மணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது. பருப்பு கடைந்து நண்டூறுகிற விளையாட்டில் ஒவ்வொரு விரலாக மடக்குகிறோமே, அதைவிட நல்ல விரல் பயிற்சியை எந்தப் பயிலரங்கிலும் நான் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் 'கல்விப் பொம்மை' ஒன்றும் தேவையில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: புளியங்கொட்டை, கடலை, சிறு மணி எதையும் ஆள் பார்வையில்லாமல் கையில் கொடுக்காதீர்கள். மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் போனால் ஆபத்து. பெரிய மணியும் தடித்த நூலும் போதும்.

விஜயதசமி அன்று நம் வீடுகளில் பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் அரிசியோ நெல்லோ பரப்பி, பெரியவர் விரல் பிடித்து எழுத வைக்கிறார்கள். பென்சில் கிடையாது, கோடு கிடையாது, தப்பு என்று சிவப்பு மையில் குறுக்கே அடிப்பதும் கிடையாது. எழுதி முடித்ததும் வாயில் கொஞ்சம் சர்க்கரை. சடங்கு முடிந்த மறுநாளே அதே பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அரிசித் தட்டை வருடம் முழுவதும் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அரிசி வீணாகும் என்றால் சலித்த ஆற்று மணல்.

இன்னொன்று உப்புத்தாள். கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சொரசொரப்பான எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். உலகப் போர் மூண்டுவிட்டதால் இத்தாலிக்காரரான அவர் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் சில வருடங்கள் கொடைக்கானலில். அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு கட்டணத்தை இரட்டிப்பாக்கும் பள்ளிகள் இன்று ஏராளம். உங்களுக்கு அந்தப் பலகை வேண்டாம். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் சில தாள்கள் வாங்கி, எழுத்துகளை உள்ளங்கை அளவில் வெட்டி, காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை இரண்டு விரலால் தடவும்போது நீங்கள் அந்த ஒலியை மட்டும் சொல்லுங்கள். எழுத்தின் போக்கு கைக்கு முதலில் பழகும். பென்சில் பிறகு வரட்டும்.

எழுத்து வரிசையை வாய்க்கு ஒரு மாதிரியாகவும் கைக்கு வேறு மாதிரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ, ஈ என்று பாட்டாகப் பாடுவதில் தவறில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் எழுதத் தொடங்கும்போது ட, ப, ம என்று நேர்க்கோட்டில் நிற்கும் எழுத்துகளிலிருந்து போங்கள். 'ட'வும் 'ப'வும் தெரிந்த பிள்ளை தானாகவே சுவரெல்லாம் எழுதும். 'இ', 'ஈ', 'ஃ' எல்லாம் காத்திருக்கலாம், ஓடிப்போய்விடாது. ஆங்கிலத்திலும் எல், டி, எச், ஐ என்று கோடுகளாலான பெரிய எழுத்துகளை முதலில் எடுத்துக்கொண்டு, வளைவையும் சாய்வையும் பின்னால் தள்ளுங்கள். எண்களில் 50 வரை எழுதுவது எனக்குப் புரியவே இல்லை. ஐந்து கூழாங்கல்லை எண்ணி எடுத்துவரத் தெரியாத பிள்ளை 37 என்று எழுதினால், அது இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வரைந்திருக்கிறது, அவ்வளவுதான். பத்துக்குள் பொருளை எண்ணட்டும். இலையை, செருப்பை, டிபன் பாக்ஸை, யார் இன்று வரவில்லை என்பதை.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். இவ்வளவும் உங்களுக்கு ஓரளவு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்ய முடியாததற்குக் காரணம் மாலையில் திறக்கப்படும் அந்த நோட்டு. பெற்றோரைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியே நாம் வைத்ததில்லை. கட்டிய பணத்துக்கு அவர்கள் கையில் கிடைக்கும் ஒரே சாட்சி நோட்டுதான். அதனால் அதைக் கேட்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ பட்டாசுத் தொழிற்சாலையிலோ மில்லிலோ பாடுபட்டுச் சேர்த்த பணமாக அது இருக்கும்போது, கேட்பது நியாயமும்கூட. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு 'விளையாட்டு வழிக் கல்வி' என்று சொற்பொழிவு செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வேறு சாட்சியை அவர்கள் கையில் கொடுங்கள்.

எப்படி? ஒரு சிறிய டைரி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் மூன்றே பிள்ளைகள். அன்று அந்த மூன்று பேரும் செய்ததையும் சொன்னதையும் பிள்ளைக்கு இரண்டு வரி எழுதுங்கள். 32 பேரையும் சுற்றிவர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மாதத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குறிப்பு சேர்ந்துவிடும். 'நன்றாகப் படிக்கிறாள்', 'சேட்டை அதிகம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். அவை உங்கள் அபிப்பிராயம். 'இன்று தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றினாள். பாதி டம்ளர் வந்ததும் நிறுத்தி, அளவு பார்த்துவிட்டு மீண்டும் ஊற்றினாள்' என்று எழுதுங்கள். 'காக்கா ஏன் நனைந்தால் குளிக்கப் போகாது என்று கேட்டான்' என்று எழுதுங்கள். அதை ஒரு துண்டுத் தாளில் பெயர்த்து அந்தப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள், தமிழிலேயே. தன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக இன்னொருவர் பார்த்து எழுதிய தாளைப் பெற்றோர் தூக்கிப் போடுவதில்லை. நோட்டைத் திறக்கும் வேகம் கொஞ்சம் குறைவதை நீங்களே காண்பீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது சுலபமாயிற்றே என்பீர்கள். பிள்ளைகளின் முகத்தை எல்லோருக்கும் பொதுவான குழுவில் போடாதீர்கள்; அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் கை செய்த பொருளை எடுக்கலாம்.

அந்த டைரியால் உங்களுக்கும் பயன் உண்டு. ஒரு மாதம் எழுதியபின் புரட்டினால், சில பெயர்களுக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது தெரியும். அழாமல், அடிக்காமல், கேள்வி கேட்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். 32 பேர் இருக்கும் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் கண்ணிலிருந்து நழுவுவது மிக எளிது.

பெற்றோர் கூட்டம் வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். எல்லோருக்கும் நான்கு கோடு தாளும் பென்சிலும் கொடுத்து, எழுதிப் பழகாத கையால் அ முதல் ஃ வரை கோட்டுக்குள் நிற்கும்படி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது பின்னால் நின்று 'சீக்கிரம், சீக்கிரம்' என்று இரண்டு முறை சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே. 'ஈ' வருவதற்குள் விரல் வலிக்கிறது என்பார்கள். பிறகு உப்புத்தாள் எழுத்துகளையும், பிள்ளைகள் பிசைந்த களிமண்ணையும் காட்டி எதற்காக என்று சொன்னால் காதில் ஏறும்.

தாளாளரிடம் பேசுவது வேறு கலை. அவருக்குப் பக்கத்துப் பள்ளியோடு போட்டி. அங்கே தீபாவளிக்குள் ஆங்கிலச் சொற்களே எழுதுகிறார்களாம் என்ற பேச்சு அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அவரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். பேசவும் அதிகம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது, மழலையர் கல்வியைப் பற்றி 11-ஆம் பிரிவில் அரசுக்கு ஒரு வேண்டுகோள் போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் பாடச்சுமையை ஆராய்ந்த பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-லேயே, நர்சரிப் பள்ளிகளில் முறைப்படியான எழுத்தையும் எண்ணையும் திணிப்பது பிள்ளைகள் மீதான வன்முறை என்ற பொருளில் கடுமையாக எழுதியது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் நான்கு கோடு நோட்டின் விற்பனை குறையவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்ற சண்டை நம் மாநிலத்தில் ஒருபுறம் நடக்கட்டும். 2022-இல் வெளியான தேசிய அடித்தள நிலைக் கலைத்திட்டமும், நம் அங்கன்வாடிகளில் பயன்படும் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் மூன்று நான்கு வயதுக்கு விளையாட்டுதான் வழி என்பதில் ஒரே பக்கம் நிற்கின்றன. இதையெல்லாம் உங்கள் தைரியத்துக்காகச் சொல்கிறேன். தாளாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'காலாண்டு வரை எனக்கு விடுங்கள்; கோடு போடாத பெரிய தாளில் எழுதுகிறோம்; அரையாண்டில் நோட்டைத் திறக்கிறேன்; அதுவரை மாதம் இருமுறை ஒவ்வொரு பெற்றோருக்கும் நான் குறிப்பு அனுப்புகிறேன்.' பெற்றோர் புகார் நின்றுபோனால் அவர் உங்கள் வழிக்கே வந்துவிடுவார்.

முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரே எழுத்து, பத்து நிமிடம் என்று நோட்டுக்கு இடம் கொடுக்கலாம். புள்ளிகளால் வரைந்த எழுத்தின் மேல் எழுத வைக்கச் சொன்னால் செய்யலாம். அதனால் பெரிய பயனில்லை, பெரிய கேடுமில்லை. யு.கே.ஜி. முடிந்ததும் ஏப்ரல் வெயிலில் கறுப்பு அங்கி மாட்டிப் பட்டமளிப்பு விழா நடத்துவார்கள், அதையும் சகித்துக்கொள்ளலாம். விடக்கூடாதவை இரண்டு. எழுதவில்லை என்பதற்காக அடிப்பது, கிள்ளுவது, முட்டி போட வைப்பது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடாது. 'எழுதி முடித்தால்தான் விளையாட விடுவேன்' என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கைக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அதற்குத்தான் அந்தத் தண்டனை போய்ச் சேர்கிறது. இரண்டாவது, பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே எழுதி நோட்டை நிரப்பும் வழக்கம். பல நர்சரிகளில் அது எழுதப்படாத விதி. அந்தப் பொய்யான பக்கத்தைப் பார்த்துத்தான் பெற்றோர் அடுத்ததைக் கேட்கிறார்கள்.

32 பேருக்கு ஒருவர் என்பது அதிகம். 2013-ஆம் ஆண்டுத் தேசிய மழலைப் பருவக் கொள்கையோடு வந்த தர நெறிகள் மூன்று முதல் ஆறு வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்கின்றன. இன்னொரு ஆயாவைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், இருக்கும் ஆயா உங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தையாவது நிலையாக வரையறுத்து வாங்குங்கள். அந்த நேரத்தில் களிமண், தண்ணீர், அச்சு வேலைகளை வைத்துக்கொள்ளலாம். ஆயாவைச் சுத்தம் செய்கிறவராக மட்டும் பார்க்காதீர்கள். பாதி வகுப்பின் தாலாட்டும் விடுகதையும் அவரிடம்தான் இருக்கும். முப்பது பேரை அடக்கத் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவும் வேண்டாம். கைதட்டலில் ஒரு தாளம், அதற்குப் பதில் தாளம் என்று பழக்கிவிட்டால் குரல் பிழைக்கும். இந்தத் தொழிலில் முதலில் போவது குரல்தான்.

கழிப்பறை பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்ற விதி உங்கள் பள்ளியில் இருந்தால், உங்கள் அறைக்குள் அதைச் செல்லாமலாக்குங்கள். 'மே ஐ கோ' என்ற வாக்கியம் நினைவுக்கு வருவதற்குள் சீருடை நனைந்துவிடுகிறது; அதற்குப் பிறகு அன்று முழுவதும் அந்தப் பிள்ளை எதையும் கற்பதில்லை. வீட்டில் பேசும் மொழியில் கேட்கட்டும். விரல் நீட்டினாலும் போதும்.

கடிக்கும் குழந்தையின் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவு பெரிதில்லை. ஒன்று முதல் மூன்று வயது வரை கடிப்பது மிகச் சாதாரணம். நாலு வயதை நெருங்கும்போது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஏதோ ஒன்றைச் சொல்ல அவளுக்குச் சொல் போதவில்லை. ஒரு வாரம், ஒவ்வொரு கடிக்கும் முன்னால் என்ன நடந்தது என்று டைரியில் குறியுங்கள். நேரம், இடம், பக்கத்தில் யார், கையில் என்ன. பெரும்பாலும் ஏதாவது ஒரு ஒழுங்கு தென்படும்: சாப்பாட்டுக்கு முந்தைய பசி நேரம், வரிசையில் நெருக்கி நிற்கும் நேரம், பொம்மை பறிபோன நேரம். அந்த நேரத்தில் அவளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக் கழுவி ஆறுதல் சொல்லுங்கள். பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில், 'கடித்தால் வலிக்கும். வேண்டுமென்றால் கொடு என்று கேள்' என்று இரண்டே வாக்கியம். மேடை ஏற்றி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். திருப்பிக் கடித்துக் காட்டுங்கள் என்று யோசனை சொல்ல ஒரு பாட்டி எப்போதும் வருவார், அதையும் கேட்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள். இரண்டு குடும்பத்தையும் தனித்தனியே நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். கடித்தது யார் என்று கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையே சொல்லிவிடும் என்பது வேறு விஷயம்.

'பிள்ளை மேய்க்கிற வேலை' என்று வீட்டில் சொன்னதற்கு உங்களிடம் வாதம் இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பட்டயப் படிப்பு பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கானது. மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி அதில் கற்றது குறைவாகத்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பினால் உங்களுக்கே தெம்பு வரும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்வியில் ஒரு வருடப் பட்டயம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

அங்கன்வாடிக்குப் போகலாமா? போகலாம், ஆனால் இங்கிருந்து தப்பிப்பதற்கான வழியாக நினைத்துப் போகாதீர்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் கீழ் தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. நோட்டுத் தொல்லை அங்கே குறைவு. அதற்குப் பதிலாக எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, கர்ப்பிணிகள் கணக்கு, செல்பேசியில் பதிவேற்றம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் என்று பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை மற்ற வேலைகள் தின்றுவிடும். உள்ளூர்ப் பெண்களுக்கே வாய்ப்பு. கிடைப்பதும் முழு அரசு ஊழியருக்கான ஊதியம் அல்ல. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை (வேலையை விட்டு விலகும்போது தரும் கிராஜுவிட்டி தொகை) உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். வரும்வரை இந்த 32 பேரோடு ஒரு முழு வருடம் இருந்து பாருங்கள். ஜூனில் வந்த பிள்ளையும் மார்ச்சில் போகும் பிள்ளையும் ஒரே பிள்ளைதானா என்று தோன்றும். அந்த மாற்றத்தை ஒரு முறையாவது முழுதாகப் பார்க்காமல் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படுமா என்று முடிவு செய்ய முடியாது.

இருக்கும் வரை உங்கள் உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணி நியமன ஆணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நர்சரி ஆசிரியைகள் பலர் வாய்ச்சொல்லிலேயே வருடக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். பள்ளியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வருங்கால வைப்புநிதி பிடித்துக் கட்ட வேண்டும். ஆசிரியர்களும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்; ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் கேட்கலாம். எப்போது வெளியே வந்தாலும் அனுபவச் சான்றிதழில் 'ஆசிரியை' என்று மட்டும் போடாமல் 'எல்.கே.ஜி. வகுப்பாசிரியை' என்று தேதிகளோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.